"காசு வந்துட்டா?": கிரிப்டோவை நம்பிச் சாமான் கொடுக்கலாமா?

கல்முனையிலிருந்து சேனைக்குடியிருப்பைக் கடந்து கிட்டங்கிப் பாலத்தால் வந்தால் சவளக்கடை. வயலும் அரிசி ஆலையும் சிறு கடைகளுமாக இருக்கும் இந்தப் பக்கத்தில் காசு பல உருவங்களில் கை மாறுகிறது. அறுவடை முடிந்ததும் நெல் வியாபாரி திகதி பிந்திய செக் கொடுப்பார். ஹாட்வெயார் கடைக்கு வங்கிக் கணக்கு வழியாகப் பணம் போடுவார்கள். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பணம் சில வீடுகளுக்கு வங்கியால் வரும், சில வீடுகளுக்கு உண்டியலால் வரும். பலசரக்குக் கடையில் இன்னமும் கொப்பிக் கணக்குத்தான்.

அண்மைக் காலமாக இந்த வரிசையில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. "யூஎஸ்டிடி எடுப்பீங்களா?" என்று கடைக்காரரிடம் வாடிக்கையாளர் கேட்கிறார். கேட்பவர்கள் மிகக் குறைவுதான். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே இணையவழி வேலை செய்யும் இளைஞர், வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர், தெற்கே அறுகம்பையில் தங்கியிருக்கும் அலைச்சறுக்கு உல்லாசப் பயணி என்று ஒரு சிலர். ஆனால், இணையம், தொழில்நுட்பம் பற்றியெல்லாம் எழுதுகிறேன் என்பதால் கைப்பேசிக் கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். பிட்கொயின் என்றால் என்ன, அது ஹலாலா ஹராமா என்பதெல்லாம் பிறகுதான். முதலில் கேட்பது ஒரே கேள்வி. வாடிக்கையாளர் தன் போனைக் காட்டி "அனுப்பிட்டன்" என்கிறார். அதை நம்பிச் சாமானைக் கொடுக்கலாமா?

நியாயமான கேள்வி. கிரிப்டோவை விற்க வருபவர்கள் சொல்லும் பதில், "உடனே வந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை" என்பது. கிரிப்டோவை வெறுப்பவர்கள் சொல்லும் பதில், "எல்லாம் மோசடி" என்பது. இரண்டுமே கடைக்காரருக்கு உதவாது. அவருக்குத் தெரிய வேண்டியது, பணம் எந்தக் கட்டத்தில் திரும்பப் பெற முடியாததாகிறது, அதற்கு முன் அது திரும்பிப் போனால் நட்டம் யாருடையது என்ற இரண்டும்தான்.

வங்கிப் பணமும் ஒரு வாக்குறுதிதான்

நமக்குப் பழக்கமான கொடுப்பனவுகளையே முதலில் பார்ப்போம். செக் கையில் கிடைத்த அன்றே பணம் கிடைத்ததாக நெல் விற்ற எந்த விவசாயியும் நினைப்பதில்லை. இலங்கையில் 2006 முதல் செக்கின் படத்தை அனுப்பித் தீர்வு செய்யும் முறை இருக்கிறது. பொதுவாக மறுநாள் வேலை நாளில் முடிவு தெரிந்துவிடும். கணக்கில் காசில்லாமல் செக் திரும்பினால் நட்டம் முதலில் வாங்கியவருக்குத்தான். ஆனாலும் அவருக்கு ஒரு பிடி இருக்கிறது. செக்கில் பெயரும் கையெழுத்தும் கணக்கிலக்கமும் இருக்கின்றன. 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, போதிய பணமில்லை என்று தெரிந்துகொண்டே செக் எழுதுவதைக் குற்றமாக்குகிறது. பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் பாதை நீளமானது என்றாலும் பாதை இருக்கிறது.

வங்கியிலிருந்து வங்கிக்கு உடனே பணம் போகும் முறை 2015 இல் லங்காகிளியர் நிறுவனத்தின் செஃப்ட்ஸ் வலையமைப்போடு வந்தது. கியூஆர் குறியீட்டுக்கான தேசியத் தரமாக லங்காகியூஆரை மத்திய வங்கி 2018 இல் அறிமுகப்படுத்தியது. இந்த வழிகளில் வந்த பணம், கடைக்காரரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டவுடன் அவருடையது. அனுப்பியவர் தன் விருப்பத்துக்கு அதைத் திருப்பி இழுக்க முடியாது.

இங்கேயும் ஏமாற்று நடக்கிறது. போலியாகத் தயாரித்த ஸ்கிரீன்ஷொட், வங்கி அனுப்பியது போன்ற குறுஞ்செய்தி, நாளைய திகதிக்குப் போட்டுவிட்டு 'அனுப்பியாச்சு' என்று காட்டும் பரிமாற்றம் என்று வகைகள் பல. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து போதும். வாடிக்கையாளரின் போனைப் பார்க்காமல் உங்கள் கணக்கை நீங்களே திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. இடையில் வேறு நிலை கிடையாது.

பிட்கொயினில் அந்த இடைநிலை இருக்கிறது. பிரச்சினையின் வேரும் அதுதான்.

பத்து நிமிட இடைவெளி

பிட்கொயினை ஒருவர் அனுப்பியதும் அந்தச் செய்தி சில விநாடிகளில் உலகம் முழுவதும் உள்ள கணினிகளுக்குப் பரவிவிடுகிறது. கடைக்காரரின் செயலியிலும் 'பணம் வந்துகொண்டிருக்கிறது' என்று தெரியும். ஆனால் அந்தச் செய்தி அப்போது இருப்பது ஒரு காத்திருப்பு அறையில். கணினிகள் அதைக் கேட்டிருக்கின்றன, பேரேட்டில் இன்னும் பதியவில்லை. பதிவு நடப்பது 'புளொக்' எனப்படும் தொகுதிகளாக. ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் சராசரி இடைவெளி 10 நிமிடம்.

சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தொகுதிகள் மணிக்கூட்டு முள் போல வருவதில்லை. சில நேரம் ஒரு நிமிடத்தில் வரும், சில நேரம் இழுபடும். கணக்குப் போட்டால், 20 தடவையில் ஒரு தடவை அடுத்த தொகுதிக்காக 30 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேரும். தேநீர்க் கடையில் ஒரு பிளேன்ரீக்கு யாரும் அவ்வளவு நேரம் நிற்கப்போவதில்லை.

ஒரு தொகுதியில் பதிந்த பிறகும் முழு உறுதி கிடையாது. அதன் மேல் அடுத்தடுத்த தொகுதிகள் ஏற ஏறத்தான் அது மாற்ற முடியாததாகிறது. சத்தோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 இல் வெளியான மூலக் கட்டுரையிலேயே இதற்கான கணக்கு இருக்கிறது. வலையமைப்பின் கணினி ஆற்றலில் 10 சதவீதத்தை வைத்திருக்கும் ஒருவர் ஏமாற்ற முயன்றால், 5 தொகுதிகள் கடந்த பின் அவர் வெல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆறு தொகுதிகள், அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருப்பது என்ற பழக்கம் இந்த வகைக் கணக்கிலிருந்துதான் வந்தது.

பதிவுக்கு முந்திய இடைவெளியில் என்ன நடக்கலாம்? ஒரே காசை ஒருவர் இரண்டு பேருக்கு அனுப்பலாம். 50,000 ரூபா போனுக்குக் கடைக்காரரின் முகவரிக்கு அனுப்புகிறார். கடைக்காரரின் திரையில் செய்தி தோன்றுகிறது. போனை வாங்கிக்கொண்டு வெளியே போனதும், அதே காசைத் தன்னுடைய இன்னொரு முகவரிக்கு, கூடுதல் கட்டணத்தோடு மறுபடியும் அனுப்புகிறார். தொகுதியை உருவாக்குபவர்கள் கட்டணம் கூடியதைத்தான் விரும்பி எடுப்பார்கள். இரண்டில் ஒன்று மட்டுமே பேரேட்டில் ஏற முடியும். ஏறுவது இரண்டாவது. கடைக்காரரின் திரையில் வந்துகொண்டிருந்த பணம் வராமலே போய்விடும். இதை 'இரட்டைச் செலவு' என்கிறார்கள்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 2018 செப்டெம்பரில் கனடாவின் ஏழு நகரங்களில், பிட்கொயினைக் கொடுத்துப் பணத்தாள் எடுக்கும் இயந்திரங்களில் இதைச் செய்தார்கள். 10 நாட்களில் 112 தடவை. அந்த நிறுவனம் ஏறத்தாழ 195,000 கனேடிய டொலரை இழந்தது. மறு ஆண்டு கல்கரி நகரப் பொலிஸார் நான்கு சந்தேக நபர்களைத் தேடிப் பொதுமக்களின் உதவியைக் கேட்டனர். இயந்திரம் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். பதிவாகும் வரை காத்திருக்காமல் காசைக் கொடுத்தது.

பழைய தைரியம் இப்போது செல்லாது

ஆரம்ப காலத்தில் சிறு தொகைகளுக்குக் காத்திருக்காமலே சாமான் கொடுக்கலாம் என்ற கருத்து வலுவாக இருந்தது. சத்தோஷியே 2010 ஜூலையில், சிற்றுண்டி இயந்திரம் ஒன்றில் பிட்கொயினை எப்படி ஏற்பது என்ற கேள்விக்கு, சில விநாடிகள் வலையமைப்பைக் கவனித்திருந்து முரண்பட்ட இரண்டாவது செய்தி வருகிறதா என்று பார்த்தால் போதுமான அளவு பாதுகாப்பு கிடைக்கும் என்று விளக்கினார். அன்று வலையமைப்பில் இருந்த வழக்கம், முதலில் கேட்ட செய்தியையே கணினிகள் வைத்திருக்கும், அதனோடு முரண்படும் அடுத்ததைத் தள்ளிவிடும் என்பது. பேருந்தில் முதலில் கைக்குட்டை போட்டவருக்கே இருக்கை என்பது போல.

2012 இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அடங்கிய குழு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. சில விநாடிகள் கவனித்திருப்பது எப்போதும் காப்பாற்றாது, குறைந்த செலவிலேயே கடைக்காரரை ஏமாற்ற முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

பிறகு வழக்கமே மாறியது. வலையமைப்பின் பெரும்பாலான கணினிகளில் ஓடும் மென்பொருள் பிட்கொயின் கோர். 2016 இல் வந்த அதன் பதிப்பு, அனுப்புபவர் முன்கூட்டியே குறியிட்டிருந்தால் கூடுதல் கட்டணத்தோடு செய்தியை மாற்றலாம் என்று அனுமதித்தது. குறி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கடைக்காரர் அப்போது ஓரளவு முடிவெடுக்கலாம். 2024 ஒக்டோபரில் வெளியான 28 ஆவது பதிப்பிலிருந்து, குறி இல்லாத செய்திகளையும் இப்படி மாற்ற விடுவது மென்பொருளின் இயல்பான அமைப்பாகிவிட்டது. கட்டணத்தைக் குறைத்துப் போட்டுவிட்டுச் சிக்கித் தவிப்பவர்களுக்கு இது நல்ல வசதி. ஆனால் முதலில் வந்தது நிற்கும் என்று நம்பிச் சாமான் கொடுத்தவருக்கு இருந்த கடைசிப் பிடியும் இதோடு போனது.

ஆகவே யாராவது பழைய கட்டுரையையோ காணொளியையோ காட்டி, "சிறிய தொகைக்கு உறுதிப்படுத்தல் தேவையில்லை" என்று சொன்னால், அது எந்த ஆண்டில் சொல்லப்பட்டது என்று கேளுங்கள்.

யூஎஸ்டிடி வேகமானது, ஆனால்

நம் பக்கத்தில் கேட்கப்படுவது பெரும்பாலும் பிட்கொயின் அல்ல, யூஎஸ்டிடி. ஒன்று ஒரு டொலர் என்று டெதர் நிறுவனம் வெளியிடும் டோக்கன் அது. மதிப்பு நாளுக்கு நாள் துள்ளாது என்பதுதான் அதன் கவர்ச்சி. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டொலரைத் தொட்ட பிட்கொயின் ஓராண்டுக்குப் பின் 16,000 அளவில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவர்ச்சி புரியும்.

யூஎஸ்டிடி அதிகம் ஓடும் வலையமைப்புகளில் ஒன்று டிரோன். அதில் 3 விநாடிக்கு ஒரு தொகுதி. தொகுதிகளை உருவாக்கும் 27 பேரில் 19 பேர் அதன் மேல் கட்டியெழுப்பியதும் அது இறுதியாகிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம். கடைக்குத் தாங்கக்கூடிய நேரம்தான்.

ஆனால் ஏமாற்று இங்கே வேறு வாசலால் நுழைகிறது. யூஎஸ்டிடி என்ற அதே பெயரில், அதே சின்னத்தோடு, மதிப்பே இல்லாத டோக்கனை யாரும் உருவாக்கலாம். அதை அனுப்பினால் செயலியில் 'யூஎஸ்டிடி 200' என்று தெரியக்கூடும். பேரேட்டில் உண்மையாகவே பதிந்தும் இருக்கும். விற்கப் போனால்தான் அது வெறும் பெயர் என்று தெரியும். பெயரை விட்டுவிட்டு, டெதர் நிறுவனம் வெளியிட்டிருக்கும் ஒப்பந்த முகவரியோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புரியும். இன்னொன்று, டெதர் நிறுவனம் நினைத்தால் குறிப்பிட்ட முகவரியில் உள்ள டோக்கனை முடக்க முடியும். திருட்டுப் பணம் என்று அடையாளம் காணப்பட்டவற்றை அது முடக்கியிருக்கிறது. உங்களிடம் வந்தது எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள்.

உறுதியோடு ஏற்க வழி உண்டா?

தொழில்நுட்ப ரீதியில் உண்டு. மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆபத்தை யாரோ ஒருவர் சுமக்கிறார்.

முதலாவது, லைட்னிங் வலையமைப்பு. 2018 முதல் பொதுப் பாவனையில் இருக்கிறது. இருவர் ஒரு தொகையை முதலிலேயே பிட்கொயின் பேரேட்டில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். பிறகு அந்தத் தொகைக்குள் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். நேரடித் தொடர்பில்லாதவர்கள் இடையில் இருப்பவர்கள் ஊடாக அனுப்பலாம். காசு ஏற்கெனவே பூட்டப்பட்டிருப்பதால் அதையே இன்னொருவருக்கு அனுப்பி ஏமாற்ற முடியாது. சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆனால் கடைக்காரர் பணம் பெறும் அளவுக்குக் கால்வாயில் இடம் இருக்க வேண்டும், போன் இணையத்தில் இருக்க வேண்டும். மாரி மழையில் கிட்டங்கிப் பாலத்தின் மேல் வெள்ளம் பாயும் நாட்களில் மின்சாரமும் சிக்னலும் எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தச் சிக்கலெல்லாம் வேண்டாம் என்று ஒரு நிறுவனத்தின் பணப்பையைப் பாவித்தால் எளிது. அப்போது நீங்கள் நம்புவது அந்த நிறுவனத்தை.

இரண்டாவது, இடைத்தரகு நிறுவனம். 2011 இல் தொடங்கிய அமெரிக்காவின் பிட்பே போன்றவை, வாடிக்கையாளரிடம் கிரிப்டோவை வாங்கிக்கொண்டு கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு உள்ளூர் நாணயத்தில் பணம் போடுகின்றன. விலை ஏற்ற இறக்கத்தை அந்த நிறுவனம் சுமக்கிறது. அதற்காகக் கட்டணம் வாங்குகிறது. கடைக்காரருக்கு இதைவிட வசதியான வழி இல்லை. ஆனால் இதற்கு உரிமமும் வங்கித் தொடர்பும் வேண்டும். இலங்கையின் நிலைக்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை. காத்திருப்பது. எந்தக் கடையில் காத்திருக்கலாம் என்பதைச் சாமானே தீர்மானிக்கிறது. மருதமுனையில் கைத்தறிச் சேலை நெய்து லண்டனுக்கோ டொரொன்டோவுக்கோ அனுப்பும் ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒரு பொருட்டே அல்ல. பார்சல் நாளைக்குத்தானே போகிறது. அறுகம்பையில் நான்கு நாள் தங்கும் பயணி முதல் நாளே பணம் கட்டினால் விடுதிக்காரருக்கும் கவலையில்லை. நகைக் கடை, கைப்பேசிக் கடை, ரீலோட் கடை இவைதான் சிக்கல். சாமான் அந்த நொடியிலேயே கையை விட்டுப் போகிறது, போனால் திரும்பாது, எங்கும் விற்கலாம். ஏமாற்றுபவர் தேடி வருவதும் இவற்றைத்தான். உடனடிக் கொடுப்பனவு பற்றிய கவலை எல்லா வியாபாரத்துக்கும் பொதுவானதல்ல. சாமானைத் தாமதிக்க முடியாத வியாபாரத்துக்கே உரியது.

முஸ்லிம் வர்த்தகர்களுக்கு இந்தச் சிந்தனை புதியதல்ல. தங்கத்தையும் நாணயத்தையும் மாற்றும்போது இரண்டும் ஒரே அமர்வில் கையோடு கை மாற வேண்டும் என்ற மார்க்க விதியை நகை வியாபாரிகள் அறிவார்கள். வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதும் கைவசம் வந்ததற்குச் சமம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1990 இல் தீர்மானித்தது. பேரேட்டில் பதியாத கிரிப்டோ கைவசம் வந்ததாகுமா என்பது உலமாக்கள் பதில் சொல்ல வேண்டிய மஸ்அலா. ஆனால் 'கைவசம் வந்தது எப்போது' என்று கேட்கும் பழக்கம் இருக்கிறதே, அது கடைக்காரருக்கு எந்தச் செயலியையும் விடப் பெரிய பாதுகாப்பு.

வந்த பிறகும் ஒரு இடைவெளி

இதுவரை பேசியது தொழில்நுட்ப இடைவெளி. இலங்கையில் அதற்குப் பின்னால் இன்னொரு இடைவெளி இருக்கிறது. சரியான டோக்கன், சரியான முகவரி, முழு உறுதிப்படுத்தல் எல்லாம் நடந்து முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை ரூபாவாக்குவது எப்படி? அரிசி ஆலைக்காரர் யூஎஸ்டிடி வாங்கமாட்டார், மின்சார சபையும் வாங்காது.

மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அதன் சாரம்: கிரிப்டோ இலங்கையில் சட்டரீதியான நாணயமல்ல, அதை வாங்கி விற்கும் தளங்களுக்கோ அகழ்வுக்கோ எந்த நிறுவனத்துக்கும் மத்திய வங்கி அனுமதி வழங்கவில்லை, வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021 இல் விடுத்த பணிப்புரைப்படி டெபிட், கிரெடிட் கார்ட்டுகளை மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கல்களுக்குப் பாவிக்க முடியாது. ஏமாற்றப்பட்டால் முறையிட ஒழுங்குபடுத்தும் அதிகாரியோ இழப்பீட்டு ஏற்பாடோ இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

எஞ்சியிருப்பது தனியாள் சந்தை. ஒரு தளத்தில் யாரோ ஒருவருக்கு யூஎஸ்டிடியை விற்கிறீர்கள், அவர் உங்கள் வங்கிக் கணக்குக்கு ரூபா போடுகிறார். போலி ஸ்கிரீன்ஷொட் பிரச்சினை இங்கே மறுபடியும் வருகிறது. அதைவிட மோசமானது, உங்களுக்கு ரூபா போட்டவர் அதை வேறொருவரை ஏமாற்றிப் பெற்றிருக்கலாம். ஏமாந்தவர் பொலிஸுக்குப் போனால் பணம் போன கணக்கு என்று முதலில் வருவது உங்களுடையதுதான். சந்தேகத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்களை அறிவிக்க வேண்டிய கடமை 2006 ஆம் ஆண்டின் நிதிசார் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தால் வங்கிகளுக்கு இருக்கிறது. கணக்கு முடங்கினால் முடங்குவது ஒரு போனின் விலை மட்டுமல்ல, முழு வியாபாரமும்.

கிரிப்டோ என்ற சொல்லுக்கு இங்கே இருக்கும் கெட்ட பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரிப்டோ என்றும் வெளிநாட்டு வர்த்தகம் என்றும் சொல்லி ஆள் சேர்த்த எம்டிஎஃப்இ போன்றவற்றைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று மத்திய வங்கி 2023 இல் பெயர் குறிப்பிட்டு அறிவித்தது. வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு இத்தகைய திட்டங்களைக் குற்றமாக்குகிறது. ஆனால் பிரமிட் மோசடியும் கடையில் பணம் செலுத்துவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால், நேர்மையாகப் பணம் பெற விரும்பும் கடைக்காரருக்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை.

அரசு சுமந்தால்?

எல் சல்வடோர் 2021 செப்டெம்பர் 7 அன்று பிட்கொயினைச் சட்டரீதியான நாணயமாக்கியது. கடைக்காரர் பிட்கொயினைப் பெற்று உடனே டொலராக மாற்றிக்கொள்ளலாம். அதற்காக 150 மில்லியன் டொலர் நிதியம் ஒன்றை அரசு ஒதுக்கியது. நாம் கேட்கும் கேள்விக்கு அந்த நாடு சொன்ன பதில், 'நட்டம் வந்தால் அரசு சுமக்கும்' என்பது. அப்படியிருந்தும் சாதாரண மக்களிடம் அந்தப் பாவனை வேரூன்றவில்லை. சர்வதேச நாணய நிதியத்தோடு 1.4 பில்லியன் டொலர் கடன் உடன்பாட்டுக்குப் பின், 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, ஏற்பதும் ஏற்காததும் வியாபாரியின் விருப்பம் என்றாக்கினார்கள். நாணய நிதியத்தின் திட்டத்தில் இருக்கும் இலங்கைக்கு இது தூரத்துக் கதையல்ல.

ஆனால் கிரிப்டோ ஏன் கேட்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வங்கிகள் ஊடாக வந்த வெளிநாட்டு ஊழியர் பணம் 2020 இல் 7.1 பில்லியன் டொலர். 2022 இல் அது 3.8 பில்லியனாகச் சுருங்கியது. அனுப்பும் பிள்ளைகள் அதே ஆட்கள்தான். வங்கி கொடுத்த விலைக்கும் உண்டியல்காரர் கொடுத்த விலைக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தது. அது குறைந்ததும் பணம் வங்கிக்குத் திரும்பி, 2024 இல் 6.6 பில்லியன் அளவுக்கு வந்தது. மக்கள் வழியை மாற்றுவது தொழில்நுட்ப மோகத்தால் அல்ல, பையில் மிஞ்சும் காசைப் பார்த்து. உண்டியலில் ஒரு வாக்குறுதிக்கு ஒரு முகம் இருக்கிறது. கட்டாரில் கொடுத்த பணம் கல்முனையில் கிடைக்காவிட்டால் யாருடைய வீட்டு வாசலில் போய் நிற்பது என்று எல்லோருக்கும் தெரியும். கிரிப்டோவுக்கு அந்த முகமும் இல்லை, வங்கிக்கு இருக்கும் சட்டமும் இல்லை.

கடைக்காரருக்கு என் பதில்

கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். இன்றைய நிலையில் நகை, கைப்பேசி, ரீலோட் விற்பவர்கள் கிரிப்டோ வாங்க வேண்டாம். லங்காகியூஆரும் வங்கிப் பரிமாற்றமும் அதே வேகத்தில், அதைவிட உறுதியாகக் கிடைக்கின்றன. அவற்றிலும் உங்கள் கணக்கைத் திறந்து பார்த்த பிறகே சாமான் கொடுங்கள். கடையில் நிற்கும் பையனுக்கும் அதைப் பார்க்கும் வசதியைச் செய்துகொடுங்கள். முதலாளியின் போனுக்கு மட்டும் செய்தி வரும் கடைகளில்தான் ஸ்கிரீன்ஷொட் செல்லுபடியாகிறது.

வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்புபவர், வேறு வழியில்லாமல் கிரிப்டோ பெற நேர்ந்தால், நான்கு விடயங்களை மறக்க வேண்டாம். பேரேட்டைச் சொந்தமாகத் திறந்து பாருங்கள். டோக்கனின் ஒப்பந்த முகவரியைச் சரிபாருங்கள். பிட்கொயின் என்றால் ஆறு தொகுதிகள் ஏறும் வரை பார்சலைக் கட்ட வேண்டாம். விற்பனைப் பில்லையும் வாடிக்கையாளரோடு பேசிய செய்திகளையும் வைத்திருங்கள். வங்கி கேட்கும் நாளில் அதுதான் பேசும். இழந்தாலும் கடை நடக்கும் என்ற அளவுக்கு மேல் போக வேண்டாம்.

மத்திய வங்கி செய்ய வேண்டியதும் இருக்கிறது. எச்சரிக்கை அறிவித்தல்கள் ஆபத்து என்று சொல்லி நிறுத்திவிடுகின்றன. கையில் வந்த டோக்கனைக் கடைக்காரர் எங்கே, எப்படி, யாரிடம் சட்டப்படி ரூபாவாக்குவது என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. கிரிப்டோ சேவை வழங்குநர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஏற்பாடு ஒன்று வரும்போது, அது பணச் சலவையைப் பிடிப்பதற்கு மட்டுமானதாக இருந்தால் போதாது. பணம் திரும்பிப் போனாலோ கணக்கு முடங்கினாலோ சவளக்கடையில் உள்ள ஒரு கடைக்காரர் எங்கே போய் முறையிடலாம், எத்தனை நாளில் பதில் கிடைக்கும் என்பதும் அதில் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.